பரவலாக்கப்பட்ட கழிவுநீரா, பகுதிவாரிச் சுத்திகரிப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை நேற்றிரவு ஒரே மூச்சில் படித்தேன். கேள்வியைக் கிளப்பிவிட்டவன் நான்தான், அதனால் பதிலும் கொஞ்சம் நீளம். எங்கள் வார்டில் நடக்கப்போகும் பகுதி சபைக் கூட்டத்துக்கு ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். நான்கைந்து தெருக்களின் சாக்கடை நீரை ஊர்க்கோடிக்கு அனுப்பாமல் அருகிலேயே சுத்தம் செய்து பயன்படுத்தும் முறை பற்றியது. ஆங்கிலத்தில் ‘டீசென்ட்ரலைஸ்டு’ என்று அழைக்கப்படும் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல், நான் கேட்டதும் அதுதான்.

‘பரவலாக்கப்பட்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பு’ என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அதிகாரப் பரவலாக்கம் நமக்குப் பழகிய சொல், அந்தத் தடத்தில் வந்தது. நானும் முதலில் அதையே எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “கழிவுநீரைப் பரவலாக்கப் போறாங்களா? அதான் ஏற்கெனவே தெருவெல்லாம் பரவிக் கிடக்கே!” என்றார். தமிழில் பெயரெச்சம் பக்கத்தில் நிற்கும் சொல்லைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். அதிகாரம் பரவினால் நல்லது, சாக்கடை பரவினால்?

‘மையமற்ற’, ‘மையம் சாரா’ இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. ஒரு நல்ல ஏற்பாட்டை, அதில் இல்லாத ஒன்றைச் சொல்லி ஏன் அழைக்க வேண்டும்? ‘ஆங்காங்குச் சுத்திகரிப்பு’ என்று நண்பர் ஒருவர் எழுதியது அழகு. ஆனால் ‘ஆங்காங்கே மழை’ என்று வானிலை அறிக்கை கேட்டுப் பழகிய காதுக்கு, அது பெய்தாலும் பெய்யும், பெய்யாமலும் போகும்.

சரி, பொருளுக்கு வருவோம். நம் நகரங்களில் பாதாளச் சாக்கடை என்றால் வீட்டு நீர் குழாயில் சரிந்து ஓடி, சரிவு போதாத இடத்தில் உந்து நிலையத்தில் மேலேற்றப்பட்டு, பல கிலோமீட்டர் கடந்து, கொடுங்கையூர், பெருங்குடி போன்ற ஒரு பெரிய நிலையத்தைச் சேர்வது. சென்னை தட்டையான ஊர், மோட்டார் இல்லாமல் நடக்காது. இத்தகைய திட்டங்களின் செலவில் பெரும்பங்கு குழாய்க்கும் பள்ளத்துக்கும்தான் போகிறது. ஒரு மோட்டார் நின்றால் மேன்ஹோல் பொங்கும். பொங்கியது மழைநீர் வடிகாலில் இறங்கும். வடிகால் கூவத்திலோ அடையாற்றிலோ போய்ச் சேரும். ஆறுதானே ஊரிலேயே தாழ்ந்த இடம்.

இந்தக் கதை பெங்களூரில் தொடங்கி நம் எல்லைக்குள் முடிவதையும் பார்க்கலாம். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேர்ந்த கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. சோப்புப் போட்டவர் ஓரிடம், நுரையில் நிற்கும் விவசாயி வேறிடம்.

மாற்று முறையின் அளவையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 விழுக்காடு சாக்கடைக்குப் போகும் என்பது பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. 200 வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 86,400 லிட்டர். 9,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய பத்து லோடு! கோடையில் இதே தெருக்கள் லாரிக்குக் காத்திருக்கின்றன.

புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை வளாகத்தில் இப்படி ஒன்று பல ஆண்டுகளாக இயங்குகிறது. கசடு படிய ஒரு தொட்டி. பிறகு வரிசையாக அறைகள். நீர் ஒவ்வோர் அறையிலும் அடியில் நுழைந்து, அங்கே தங்கிய கசட்டின் ஊடே மேலேறி வர வேண்டும், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். அடுத்து செடி நட்ட ஜல்லிப் படுகை. கடைசியில் திறந்த குட்டை. வெளிவரும் நீர் தோட்டத்துக்கு. இதற்கும் பெயர்கள் போட்டிருக்கிறேன்: படிதொட்டி, தடுப்பறைத் தொட்டி, செடிப்படுகை, வெயில்குட்டை. கடைசிப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அங்கே வெயிலும் காற்றும் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ‘பாலிஷிங்’ என்பார்கள், அதை ‘மெருகூட்டல்’ என்று மொழிபெயர்த்தால் நகைக்கடை ஞாபகம்தான் வரும். செடிப்படுகை நமக்குப் புதிதும் அல்ல. கிணற்றடித் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விட்ட கொல்லைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

இனி என் முன்மொழிவு: ‘பகுதிவாரிச் சுத்திகரிப்பு’. மொழிவாரி மாநிலம், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் என்று ‘வாரி’ நம்மிடம் நன்றாக ஊன்றிவிட்டது. பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே என்ற பொருள் அதில் தானாக வருகிறது. ‘பகுதி’யோ பகுதி சபை வழியாக வார்டு மக்களுக்குத் தெரிந்த சொல். வீட்டு மனைக்குள்ளேயே முடிவதை ‘மனைச் சுத்திகரிப்பு’ என்றும், நகரம் முழுவதற்குமானதை ‘மையச் சுத்திகரிப்பு’ என்றும் சொன்னால் மூன்றும் குழம்பாமல் நிற்கும். ‘பரவலாக்கப்பட்ட’ என்பதில் முதல் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. செப்டிக் டேங்கும் பரவலாக இருப்பதுதானே? பேச்சில் ‘பகுதிவாரி நிலையம்’ என்று சுருக்கவும் முடியும். ‘வாரி’ இரவல் பின்னொட்டு என்று தனித்தமிழ் நண்பர்கள் சண்டைக்கு வரலாம். அகராதியில் வாரி என்றால் நீர், வெள்ளம் என்றும் இருக்கிறது, அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். நடுவில் ‘ச்’ வேண்டுமா என்ற ஒற்று விவாதத்தைத் தயவுசெய்து தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈழத்து நண்பர் ‘சுத்திகரிப்பு’க்குப் பதில் ‘பரிகரிப்பு’ என்றார். ஊர் வைத்தியரைப் பரிகாரி என்று சொல்லும் வழக்கோடு சேர்த்துப் பார்த்தால் அதுவே பொருத்தமான சொல், ஏனென்றால் வெளிவருவது குடிக்கும் அளவுக்குச் சுத்தமான நீர் அல்ல. ஆனால் எங்கள் தெருவில் பரிகாரம் என்றால் நவக்கிரகத்தைச் சுற்றப் போய்விடுவார்கள். துண்டறிக்கையில் சுத்திகரிப்பே இருக்கட்டும், ‘தோட்டத்துக்கு மட்டும்’ என்று அருகில் எழுதிவிடுகிறேன்.

ஒரு கேள்வி பாக்கி. நான் முன்பு குடியிருந்த அடுக்ககத்தில் எஸ்.டி.பி., அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், இருந்தது. கரண்ட் பில் ஏறுகிறது என்று மோட்டாரை அணைத்துவிட்டு, ராத்திரியில் லாரி வைத்துக் கழிவுநீரை எடுத்தார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பகுதிவாரி நிலையமும் இப்படித்தான் ஆகும். அந்த ஆளுக்கு என்ன பெயர்? ‘இயக்குநர்’ என்றால் சினிமா எடுக்கப் போகிறாரா என்று கேட்பார்கள். இந்த வேலையைத் தொட்ட பழைய தமிழ்ப் பெயர்களிலோ சாதி வாடை. செப்டிக் டேங்கில் ஆள் இறங்கிச் சாவது இன்னும் நிற்காத ஊரில் அவற்றைத் திரும்ப எடுக்க எனக்கு மனமில்லை. இப்போதைக்கு ‘நிலையப் பொறுப்பாளர்’ என்று எழுதியிருக்கிறேன். வேறு தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.