டி.பி.டி-3 (கம்பெனி வாங்கிய கடன், டெபாசிட் விவரம் தரும் படிவம்) மூன்று வருடமாகப் போடவில்லை, இப்போது என்ன செய்வது?

ஈத்தாமொழி தும்பு ஆலை:
எல்லோருக்கும் வணக்கம். நானும் அத்தானும் சேர்ந்து கதம்பல் (தேங்காய் மட்டை) அடித்துத் தும்பு எடுக்கிற சின்ன பிரைவேட் லிமிடெட் நடத்துகிறோம், மூலதனம் ஒரு லட்சம்தான். ஜி.எஸ்.டி, வருமான வரி, வருடக் கணக்குக்கான ஏ.ஓ.சி-4, வருடாந்திர விவரத்துக்கான எம்.ஜி.டி-7ஏ எல்லாம் ஆடிட்டர் நேரத்துக்குப் போட்டுவிடுகிறார். போன வாரம் புது மெஷினுக்கு பேங்க் லோன் கேட்டுப் போனோம். அவர்களுடைய கம்பெனி செக்ரட்டரி (கம்பெனிச் சட்ட வேலை பார்ப்பவர்) நம் கம்பெனி அரசிடம் போட்ட படிவங்களைத் தேடி சர்ச் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, பேலன்ஸ் ஷீட்டில் "டைரக்டர் கடன் 6,00,000" என்கிற வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, இதற்கு டி.பி.டி-3 எங்கே என்று எழுதி அனுப்பிவிட்டார். ஆடிட்டரிடம் கேட்டால் "நாம் யாரிடமும் டெபாசிட் வாங்கவில்லையே" என்கிறார். மூன்று மார்ச் 31-இலும் இந்தக் கடன் நிலுவையில் இருக்கிறது. இன்று ஜூலை 12. லோன் நின்று கிடக்கிறது, இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை கணக்கர்:
தம்பி, பயப்படாதீர்கள், இது நிறைய பேருக்கு நடக்கிறது. படிவத்தின் பெயரே டெபாசிட் ரிட்டர்ன் என்று இருப்பதால் டெபாசிட் வாங்காதவர்கள் நமக்கில்லை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் டைரக்டர் கொடுத்த கடன், பேங்க் கடன் மாதிரி, சட்டப்படி டெபாசிட் கணக்கில் வராத பணத்தையும் அதில் காட்ட வேண்டும். மார்ச் 31 அன்று நிலுவையில் உள்ளதை ஜூன் 30-க்குள் போட வேண்டும், வருடா வருடம். அதே தொகை அப்படியே நின்றாலும் மறுபடியும் போட வேண்டும்.

தாமதக் கட்டணம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இருக்காது. ஒரு லட்சம் மூலதனத்துக்குச் சாதாரணக் கட்டணம் 300. முப்பது நாளுக்குள் தாமதம் என்றால் கூடுதலாக இரண்டு மடங்கு, 180 நாள் தாண்டினால் 12 மடங்கு. அப்படியானால் பழைய இரண்டு வருடத்துக்கும் 3,900 வீதம், இந்த வருடத்துக்கு ஜூலை 30-க்குள் போட்டால் 900. மொத்தம் 8,700. இது தாமதத்துக்கான கட்டணம் மட்டும்தான், விதி மீறலுக்கு கம்பெனிகளின் ரெஜிஸ்ட்ரார் தனியாக அபராதம் போடவும் இடமிருக்கிறது. அதனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆறு லட்சம் எங்கிருந்து வந்த பணம்?

ஈத்தாமொழி தும்பு ஆலை:
ரொம்ப நன்றி அண்ணா. நாலு லட்சம் அத்தான் வளைகுடாவில் சம்பாதித்துச் சேர்த்தது. மீதி இரண்டு லட்சம் என் மனைவியின் ஆரத்தையும் வளையலையும் என் பெயரில் அடகு வைத்து எடுத்துப் போட்டது, இன்னும் மீட்கவில்லை. அதைக் கேட்பது எதற்காக?

தக்கலை கணக்கர்:
அதில்தான் விஷயம் இருக்கிறது. டைரக்டர் கொடுக்கிற பணம் டெபாசிட் ஆகாமல் இருக்க, "நான் வேறு இடத்தில் கடன் வாங்கி இதைக் கொடுக்கவில்லை" என்று அவர் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அத்தான் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். உங்கள் இரண்டு லட்சம் நகைக்கடன் பணம், அதற்கு அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போடாதீர்கள், பொய்யாகிவிடும். பங்குதாரர் என்கிற முறையில் உங்களிடம் வாங்க பிரைவேட் கம்பெனிக்கு வழி உண்டு, ஆனால் மூலதனம், ரிசர்வ் இதையெல்லாம் வைத்து வரம்பு இருக்கிறது. பேலன்ஸ் ஷீட், அடகுச் சீட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு நேராக ஒரு கம்பெனி செக்ரட்டரியைப் பாருங்கள், போனில் பேசி முடிக்கிற காரியமில்லை இது.

மார்த்தாண்டம் தேன்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எம்.சி.ஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் கம்பெனி "ஆக்டிவ்" என்று காட்டுகிறதே என்று நானும் நிம்மதியாக இருந்தவன். அங்கே மாஸ்டர் டேட்டா என்கிற அடிப்படை விவரப் பக்கத்தில் கடைசி ஏ.ஜி.எம் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) தேதியும் பேலன்ஸ் ஷீட் தேதியும்தான் தெரியும், டி.பி.டி-3 போட்டோமா இல்லையா என்று அது சொல்லாது. நூறு ரூபாய் கட்டி நம் கம்பெனியின் ஆவணங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆரம்பத்தில் 180 நாளுக்குள் போட வேண்டிய, தொழில் தொடங்கியதைச் சொல்லும் ஐ.என்.சி-20ஏ இருக்கிறதா, ஆடிட்டர் நியமன ஏ.டி.டி-1 இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். என் கம்பெனியில் ஏ.டி.டி-1 இல்லை. ஆடிட்டர் தன் நியமனத்தைத் தானே போட்டிருப்பார் என்று நான் நினைத்துவிட்டேன், ஆனால் அது கம்பெனி போட வேண்டியது.

ஈத்தாமொழி தும்பு ஆலை:
இன்று ஜூலை 24. நாகர்கோவிலில் ஒரு கம்பெனி செக்ரட்டரியைப் பார்த்தோம். இரண்டு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார். நகையை மீட்டாலும் பழைய வருடங்களின் கணக்கு மாறாது என்றார், அதனால் அந்த இரண்டு லட்சத்தை மறைக்காமல் தனியாகக் காட்டி மூன்று படிவமும் போட்டாயிற்று. ஐ.என்.சி-20ஏ, ஏ.டி.டி-1 இரண்டும் இருக்கின்றன. ரசீதுகளை பேங்கில் கொடுத்துவிட்டேன், ஃபைல் நகர்ந்திருக்கிறது. அண்ணா, இன்னொரு சந்தேகம். மெஷின் ரிப்பேர் செய்த கோணம் பட்டறைக்கு 70 நாளாகப் பாக்கி. அவர்கள் உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ளவர்கள். இதற்கும் ஏதாவது படிவம் உண்டா?

தக்கலை கணக்கர்:
உண்டு, எம்.எஸ்.எம்.இ-1. சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாள் தாண்டிய பாக்கி இருந்தால் செப்டம்பர் வரைக்கும் உள்ளதை அக்டோபர் 31-க்குள்ளும், மார்ச் வரைக்கும் உள்ளதை ஏப்ரல் 30-க்குள்ளும் போட வேண்டும். முதலில் பட்டறைக்காரருக்குப் பணத்தைக் கொடுங்கள் தம்பி.