எஸ்டோனியா ஐடி துறை: எது நிஜ பலம், எங்கே ஓட்டை?

அரைக்காப்பி:
ஜனத்தொகை 13 லட்சம் சொச்சம். ஆனால் எஸ்டோனியா என்றாலே "எல்லாமே ஆன்லைன்" என்கிறார்கள். இந்தத் துறையின் அசல் பலம் என்ன, அடி விழுந்தால் எங்கே விழும்? அங்கே உருவான ஸ்கைப்பின் கதை தெரியும், அதை விட்டுவிடுங்கள்.

மின்கம்பி:
பலம் 2001-ல் வந்த எக்ஸ்-ரோடு, அதாவது துறைகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் வழி. நாட்டின் தகவல் முழுக்க ஒரே டேட்டாபேஸில் கிடக்கிறது என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படி ஒன்று கிடையாது. மக்கள் பதிவேடு, வரி, மருத்துவம் எல்லாம் தனித்தனி. ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு செக்யூரிட்டி சர்வர். வரித்துறைக்கு ஒருவரின் முகவரி வேண்டுமென்றால் அதன் சர்வர் கேள்வியில் கையெழுத்திட்டு, என்க்ரிப்ட் செய்து, பதிவேட்டு சர்வருக்கு நேராக அனுப்பும். பதிலும் அதேபோல் கையெழுத்தோடு, நேர முத்திரையோடு வரும். "நான் கேட்கவே இல்லை" என்று எந்தத் துறையும் கைவிரிக்க முடியாது.

அடுத்தது 2002-ல் வந்த ஐடி கார்டு, சிப் வைத்த அடையாள அட்டை. லாகினுக்கு பின்1, கையெழுத்துக்கு பின்2. அந்தக் கையெழுத்து சட்டப்படி பேனாக் கையெழுத்துக்குச் சமம். 2005-லிருந்து தேர்தலில் ஆன்லைன் ஓட்டும் இதை வைத்துப் போடலாம்.

சிப்புப்பூச்சி:
மின்கம்பி சொன்ன அதே கார்டில்தான் ஓட்டையும். 2017-ல் செக் நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது: கார்டில் இருந்த இன்ஃபினியான் நிறுவனச் சிப்பின் நிரல், ஆர்எஸ்ஏ முறை டிஜிட்டல் சாவிக்கான பகா எண்களை வேகத்துக்காக ஒரு குறிப்பிட்ட அச்சிலேயே வார்த்தது. அதனால் எல்லோருக்கும் தெரியலாம் என்ற பொதுச் சாவி மட்டும் கிடைத்தாலே, கையெழுத்திடும் ரகசியச் சாவியைப் போதிய கணினி பலத்தோடு கணக்கிட்டுவிடலாம். எஸ்டோனியாவிலோ பொதுச் சாவிகள் யாரும் பார்க்கும் அடைவில் இருந்தன! முதலில் அதை மூடினார்கள். பாதிப்பு சுமார் 7.5 லட்சம் கார்டு. நவம்பரில் அந்தக் கார்டுகளின் டிஜிட்டல் சான்றிதழ்களை (சாவி இன்னாருடையது என்று சொல்பவை) நிறுத்திவைத்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் புதுப்பிக்க முண்டியடித்ததில் சர்வர் திணறியது.

தப்பித்தது எப்படி? அதே சிப்பில் எலிப்டிக் கர்வ் என்ற வேறு வகைச் சாவிக்கான வசதியும் இருந்தது, சான்றிதழை வீட்டிலிருந்தே மாற்றும் ஏற்பாடும் இருந்தது. இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் கார்டு முழுக்கப் புதிதாக அச்சடிக்க வேண்டியதுதான். கார்டுக்குப் பதிலாக போன் சிம்மில் ஓடும் அடையாளமான மொபைல்-ஐடிக்குப் பாதிப்பு இல்லை. ஒரே சிப்பை நம்பினால் இரண்டாவது வழி ஒன்று கைவசம் இருந்தே ஆகவேண்டும்.

கணக்குப்புலி:
தொழில் பக்கம் பார்த்தால், உள்நாட்டுச் சந்தை போதாது. முதல் நாளிலிருந்தே வெளிநாட்டுக்குச் செய்ய வேண்டும். வாடகை வண்டி ஆப் நிறுவனமான போல்ட் தலைநகர் தாலினிலேயே இருக்கிறது. எஸ்டோனியர்கள் தொடங்கிய, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வைஸ் லண்டனில் வளர்ந்தது. ஆள் பஞ்சம் நிரந்தரம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஆண்டுக்கு ஜனத்தொகையில் 0.1% என்று வரம்பு. ஐடி துறை ஆட்களுக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்தும் தீரவில்லை.

அரைக்காப்பி:
வெளிநாட்டவருக்கு எஸ்டோனியா தரும் டிஜிட்டல் அடையாளமான இ-ரெசிடென்சி வாங்கி அங்கே கம்பெனி தொடங்கினால் வரி இல்லையாமே?

கணக்குப்புலி:
லாபத்தைக் கம்பெனிக்குள்ளேயே வைத்திருக்கும் வரை இல்லை. டிவிடெண்டாக எடுத்தால் 2025-லிருந்து 22/78: கைக்கு 78 யூரோ வர, கம்பெனி 22 யூரோ வரி கட்டும். நீங்கள் வேறு நாட்டில் உட்கார்ந்து கம்பெனியை நடத்தினால் அந்த நாடும் வரி கேட்கலாம். பலரும் மாட்டுவது இங்கேதான். இ-ரெசிடென்சி விசாவும் ஆகாது, வங்கிக் கணக்குக்கு உத்தரவாதமும் ஆகாது. கணக்கு கிடைக்குமா என்று பார்த்துவிட்டு அப்புறம் கம்பெனியைப் பதியுங்கள்.