ஆன்டெனா கேபிளைத் தொட்டா சுர்ருங்குது, எல்என்ஏ (சிக்னலைப் பெருக்கற சின்ன போர்டு) போயிடுது. எர்த் எங்க குடுக்கோணும்?

பெருந்துறை_மாடி:
வணக்கமுங்க. மீட்டியோர் எம்2-3, எம்2-4னு ரெண்டு ரஷ்ய சாட்டிலைட்டோட வானிலைப் படத்தை 137 மெகாஹெர்ட்ஸ்ல இறக்கறதுக்கு மொட்டை மாடில வி-டைபோல் (ரெண்டு கம்பி வி மாதிரி விரிஞ்ச ஆன்டெனா) இருக்குது. ஒவ்வொரு கையும் 53.4 செ.மீ, நடுவுல 120 டிகிரி. எஸ்பிஎஃப்5189 எல்என்ஏ போர்டு, ஆர்டிஎல்-எஸ்டிஆரோட (லேப்டாப் யுஎஸ்பில மாட்டற ரேடியோ) பயஸ்-டீ, அதாவது கேபிள் வழியாவே மேல அனுப்பற 4.5 வோல்ட்டுல ஓடுது. லேப்டாப் சார்ஜர் மாட்டியிருந்தா கேபிள் ஷீல்டை (நடுக்கம்பியைச் சுத்தி இருக்கற உலோக வலை) தொட்டாலே சுர்ருங்குது, ஈரத் தரையில நின்னா இன்னும் சாஸ்தி. ஷீல்டுக்கும் எர்த்துக்கும் மீட்டர்ல 108 வோல்ட் ஏசி. ரெண்டு எல்என்ஏ போயாச்சு. போர் மோட்டருக்குப் பக்கத்துல தனியா ஒரு ராடு அடிச்சு ஷீல்டுல குடுத்துட்டா தீருமுங்களா?

தறிச்சத்தம்:
ராடு அப்புறமுங்க. 108ங்கறது கிட்டத்தட்ட 230ல பாதி, அதைக் கவனிங்க. சார்ஜருக்குள்ள இரைச்சலை அடக்க ஒய்-கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் சேராதப்ப அது வழியா ஷீல்டு பாதி வோல்ட்ல மிதக்கும். 2.2 நானோஃபாரட் முழு 230ல இருந்தாலே 0.16 மில்லி ஆம்ப்தான் போகும். ஆளைக் கொல்லாது, ஆனா எல்என்ஏ சிப்போட இன்புட் முனையைக் கெடுக்க அது போதும். எஃப் கனெக்டர்ல (டிவி கேபிள்ல வர்ற மரை கனெக்டர்) ஷீல்டுக்கு முன்னால நடுக்கம்பி தொட்டுடும். மிதக்கற மின்னூட்டம் அந்த ஒரு நொடியில நடுக்கம்பி வழியா இறங்குது.

ஆனா அது ஒய்-கெப்பாசிட்டர்தானான்னு ஒருக்கா உறுதி பண்ணுங்க. ஷீல்டுக்கும் எர்த்துக்கும் நடுவுல 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வெச்சு மறுபடியும் அளங்க. 40 வோல்ட்டுக்குக் கீழ விழுந்தா வெறும் கசிவு. 100க்கு மேலயே நின்னா நிஜமான கோளாறு, மெயினை ஆஃப் பண்ணிட்டு சார்ஜரைத் தூக்கி அக்கட்டால போடுங்க. ரெசிஸ்டர் 1 வாட்டா இருக்கோணும். 230 முழுசா வந்தா அரை வாட்டுக்கு மேல சூடாகும், கால் வாட் புகைஞ்சுடும்.

ஊத்துக்குளி_வெண்ணெய்:
தனி ராடு மட்டும் ஆவாதுங்க. வீட்டு எர்த் ஒண்ணு, ஆன்டெனா எர்த் ஒண்ணுன்னு தனித்தனியா விட்டா, கோடை மழை இடி பக்கத்துல விழறப்ப ரெண்டுக்கும் நடுவுல பல ஆயிரம் வோல்ட் வித்தியாசம் வரும். அது போற வழி உங்க லேப்டாப்தான். ராடு அடிச்சா வீட்டு எர்த்தோட 16 சதுர மி.மீ செம்புக் கம்பில சேத்துடுங்க. நம்ம பக்கம் சித்திரையில மண்ணு காஞ்சு கெடக்கும், எர்த் குழியில தண்ணி ஊத்தோணும்.

சாட்டிலைட்டுல எர்த் குழியே கிடையாது, அங்கயும் இதே கதைதான். 1969ல ஏவின ஏடிஎஸ்-5ங்கற அமெரிக்க சாட்டிலைட் பூமி நிழலுக்குள்ள போறப்ப அதோட உடம்பு ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறுச்சு. மொத்தமா ஏறினா பரவாயில்லை, ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு அளவு ஏறினாத்தான் பொறி. அதனாலதான் உலோகத்தை எல்லாம் ஒண்ணா உடம்போட கட்டறாங்க.

மாடிப்படி_சிக்னல்:
எல்என்ஏ இன்புட்ல பிஏவி99 டையோடு ஒண்ணு, லைன்ல நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் 90 வோல்ட் கேஸ் டிஸ்சார்ஜ் ட்யூப் (வோல்ட் எகிறினா மட்டும் மின்சாரத்தை விடற வாயு அடைச்ச குழல்) ஒண்ணு. முடிஞ்சுது.

தறிச்சத்தம்:
இடம் சொல்லாம விட்டுட்டீங்களே. அந்த டையோடு ஆன்டெனாவுக்கும் எல்என்ஏவுக்கும் நடுவுல மட்டும்தான். எல்என்ஏக்கும் எஸ்டிஆருக்கும் நடுவுல வெச்சா பயஸ்-டீயோட 4.5 வோல்ட்டை 0.7ல அமுக்கிப் பிடிச்சுடும், எல்என்ஏக்கு மின்சாரமே வராது. கேஸ் ட்யூப் ரெண்டு பக்கமும் வெக்கலாம், 90 வோல்ட்டுக்குக் கீழ அது வாயைத் திறக்காது. கேபிள் வீட்டுக்குள்ள நுழையற இடத்துல, எர்த் பாருக்குப் பக்கத்துலயே வெக்கறது நல்லது. 1என்4148 வேண்டாம். ஒண்ணுக்கு 4 பைக்கோஃபாரட், ரெண்டு சேந்தா 137 மெகாஹெர்ட்ஸ்ல சுமார் 145 ஓம். 50 ஓம் லைன்ல அது சிக்னலைக் கொஞ்சம் தின்னும்.

பெருந்துறை_மாடி:
100 கிலோ ஓம் வெச்சா 21 வோல்ட்டுதானுங்க. சார்ஜர் மூணு பின்னு. சாக்கெட்ல பேஸ்-எர்த் 228, நியூட்ரல்-எர்த் அச்சா 0.0. எர்த் நல்லாத்தானே இருக்குது?

ஊத்துக்குளி_வெண்ணெய்:
அந்த 0.0தான் எனக்கு உறுத்துதுங்க. அதே சாக்கெட்ல அயர்ன்பாக்ஸைப் போட்டு அளங்க. சுமை ஏறினா நியூட்ரல்-எர்த் அரை வோல்ட், ஒரு வோல்ட்டாவது ஏறோணும். அசையாம 0.0லயே நின்னா சாக்கெட்டுக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஜம்பர் (துண்டு ஒயர்) போட்டுச் சேத்திருக்காங்கன்னு சந்தேகப்படோணும். மெயினை ஆஃப் பண்ணித் திறந்து பாருங்க. நியூட்ரல் அறுந்தா ஷீல்டு, ஆன்டெனாக் கம்பம் எல்லாத்துலயும் 230 நிக்கும். அது போக, எர்த் சார்ஜர் வரைக்கும் வந்து சேந்திருந்தா மூணு பின் சார்ஜர்ல பெரும்பாலும் 108 வந்திருக்கக் கூடாது. சார்ஜர் ஒயர்லயோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லயோ எர்த் பின் அறுந்திருக்குதான்னும் பாருங்க.

தறிச்சத்தம்:
அது சரியாகற வரைக்கும் லேப்டாப்பை பேட்டரில ஓட்டுங்க. ஒரு பாஸ் (சாட்டிலைட் ஒரு தடவை தலைக்கு மேல கடந்து போறது) சுமார் 15 நிமிசத்துல முடிஞ்சுடும். எல்என்ஏ, கேபிள் எல்லாம் மாட்டினதுக்கு அப்புறம் யுஎஸ்பி, கழட்டறப்ப யுஎஸ்பி முதல்ல. இடி கேட்டா கேபிளையே கழட்டி வெளிய போட்டுடுங்க, நேரா விழற இடிக்கு எந்த ட்யூப்பும் நிக்காது.