கோயில் தெரு தேங்காய்க் கடைகளை மாத்தணுமா? (காரைக்குடி)

முகப்புத்திண்ணை:
எங்க தெருவுல ஏழெட்டுத் தேங்காய்க் கடை, எல்லாம் வாறுகால், அதான் மழைத்தண்ணி ஓடுற கால்வாய், அது மேல பலகை போட்டுத்தான். நம்ம பக்கத் தெருவெல்லாம் வாட்டம் பார்த்துப் போட்டது. ஓட்டுல விழுற மழை முற்றத்துல இறங்கி, வாறுகால் வழியா ஊரணிக்குப் போகணும். போன ஐப்பசியில எங்க வாசல்ல முழங்கால் தண்ணி. கம்பை விட்டுக் குத்தினா பூரா இளநிக்கூடு. சந்தைப் பக்கம் இடம் கொடுத்து மாத்துங்க.

காய்க்காரி மகள்:
அண்ணே, எங்கம்மா அங்க 22 வருஷமா உக்காந்திருக்கு. அர்ச்சனைக்குப் போறவங்க ஒத்தைக் காய் வாங்க சந்தைக்கா போவாங்க? சாமிக்குன்னா குடுமி வச்சு உரிக்கணும். குடுமியைப் பிச்சா கண்ணு திறந்து காய் சீக்கிரம் கெட்டுரும். அம்மா ஒவ்வொரு காயையும் காதுகிட்ட ஆட்டிப் பார்த்துத்தான் கொடுக்கும். அழுகல்னு திரும்பி வந்தா மறுபேச்சு இல்லாம வேற காய். எங்க மட்டை கயிறு திரிக்க சிங்கம்புணரிக்குப் போயிருது. கூட்டைப் போடுறது இளநி வண்டி.

வளவுக்காரன்:
யார் போட்டா என்ன? கூட்டுல தண்ணி தேங்கினா டெங்கு கொசுதான். நம்ம செட்டிநாட்டு வீடுகளைச் சுத்திப் பார்க்க எங்கிருந்தோ வர்றாங்க, முகப்பை மறைச்சுத் தார்ப்பாய் கட்டியிருக்கு. தெருவுக்கு ஒரு லட்சணம் வேண்டாமா?

கண்டனூரான்:
தம்பி, அந்த முகப்பே வியாபாரத்துல வந்ததுதானே. பினாங்குலயும் ரங்கூன்லயும் கிட்டங்கியில, அதான் கடையும் தங்கலுமா இருந்த கட்டடத்துல, வேலை பழகுற பெட்டியடிப் பையனா உக்காந்தவங்க அனுப்பின காசு. கடை வச்சவன் தெருவுல கடை இருக்கிறது அசிங்கமா? எனக்கு மனசு ஒப்பலை. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுத்துச் சான்று கொடுக்காம யாரையும் எழுப்ப முடியாது. இடம் மாத்தணும்னாலும் 30 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். இடத்தை முடிவு பண்ற விற்பனைக் குழுவுல 40 சதவீதத்துக்குக் குறையாம வியாபாரிங்களே இருக்கணும். 2024-ல மாநகராட்சி ஆயாச்சு, அந்தக் குழுவைப் பத்தி முதல்ல கேளுங்க.

முகப்புத்திண்ணை:
சட்டம் சரிங்கண்ணே. ஊரணி வறண்டா யார்கிட்ட கேக்குறது? கடை இருக்கட்டும், தார்ப்பாயும் இருக்கட்டும். நடை சாத்தினதும் கூடு அள்ள ஒரு வண்டி வரணும், அதுக்கு நானே மனு எழுதித் தர்றேன். ஆனா வாறுகால் மேல பலகை கூடாது. மூடிக் கிடந்தா தூர் வார முடியலை.

காய்க்காரி மகள்:
மனுவுல அம்மாவும் கையெழுத்துப் போடும் அண்ணே. பலகையை எடுத்தா ரெண்டடி முன்னால வரணும், அங்க பஸ் உரசிக்கிட்டுப் போகுது. உங்க திண்ணை ஓரமா உக்கார விடுவீங்களா?

முகப்புத்திண்ணை:
வீட்ல ஆச்சிகிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன் தாயி.