புறப்பட்ட தேதியும் வரிக்கணக்கின் தேதியும்: வெளிநாட்டு வேலைக்குச் சென்றவர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு: கட்டுமானப் பொறியாளர்

வெளிநாட்டில் வேலை உறுதியானதும் விசா, மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ்களுக்கான அத்தாட்சி என்று ஒவ்வொன்றையும் தேதி வாரியாகக் குறித்துவைத்து முடித்த நான், விமானச் சீட்டில் அச்சாகியிருந்த தேதிக்கும் என் வருமான வரிக்கும் தொடர்பு இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. முதலில் செப்டம்பர் 26-ஆம் தேதிக்குத்தான் சீட்டுப் போட்டிருந்தேன். பழைய நிறுவனத்தில் பொறுப்புகளை ஒப்படைக்கக் கூடுதலாக ஒரு வாரம் தேவைப்பட்டதால் அக்டோபர் 4-க்கு மாற்றிக்கொண்டேன். அந்த ஒரு வாரம் என்ன செய்துவிட்டது என்பது மறு ஆண்டு ஜூலையில், கணக்குத் தாக்கல் செய்ய ஆடிட்டரிடம் போனபோதுதான் தெரிந்தது.

அவர் என் பாஸ்போர்ட்டை விரித்து, குடியேற்ற முத்திரை இருந்த பக்கத்தை மேசை நாள்காட்டியின் அருகில் வைத்து, பென்சிலால் மாதம் மாதமாகக் கூட்டினார். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் முடிய 183 நாள்கள், அக்டோபரில் 4 நாள்கள், ஆக 187. வேலைக்காக நாட்டை விட்டுப் புறப்படும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாள்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்திருந்தால், வருமான வரிச் சட்டப்படி அவர் அந்த ஆண்டு முழுவதற்கும் ரெசிடென்ட், அதாவது உள்நாட்டில் வசிப்பவர்; பொதுவாக அவருடைய வெளிநாட்டு வருமானத்துக்கும் இங்கே வரி உண்டு. புறப்படும் வரை ஒரு நிலை, புறப்பட்ட பின் ஒரு நிலை என்று ஆண்டை இரண்டாகப் பிரிக்கும் ஏற்பாடு இந்தியச் சட்டத்தில் இல்லை. எனவே அக்டோபரிலிருந்து மார்ச் வரை வளைகுடாவில் நான் வாங்கிய சம்பளமும் இந்தியக் கணக்கில் சேர்ந்துவிட்டது. நான் போன நாட்டில் வருமான வரியே கிடையாது என்பதால், அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளவும் வழியில்லை. முன்வரி கட்டாததற்கு வட்டி வேறு. செப்டம்பர் 26-ஆம் தேதியே கிளம்பியிருந்தால் கணக்கு 179-இல் நின்றிருக்கும்.

என்னை ஏமாற்றியது வங்கிக் கணக்குதான். வேலைக்காக வெளிநாடு போகிறவர் தம் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) மாற்றிக்கொள்ள வேண்டும் என்று வங்கியில் சொன்னார்கள், நானும் மாற்றினேன். வங்கியே என்னை என்ஆர்ஐ என்று எழுதிவிட்டதால் வரித்துறைக்கும் நான் என்ஆர்ஐதான் என்று நம்பிவிட்டேன். வங்கி பார்ப்பது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை. அங்கே முக்கியம் எந்த நோக்கத்துடன் புறப்பட்டோம் என்பது. வருமான வரிச் சட்டமோ நாள்களை எண்ணுகிறது. ஒரே நாடு, ஒரே ஆள், ஒரே ஆண்டு, ஆனாலும் இரண்டு சட்டங்களில் இரண்டு நிலைகள். போதாக்குறைக்கு, ரெசிடென்ட் என்றாகிவிட்டதால் வளைகுடாவில் தொடங்கிய சம்பளக் கணக்கையும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டியிருந்தது. அதைக் காட்டாமல் விடுபவர்களுக்கு 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு என்று ஆடிட்டர் சொன்னபோது, வரித்தொகையைக் கேட்டு வந்த வருத்தம் சற்று அடங்கி, இதையாவது நேரத்தில் சொன்னாரே என்ற எண்ணம் வந்தது.

மற்ற நாடுகளுக்குச் சென்றவர்களுக்கு எப்படி அமைந்தது என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: செவிலியர், பிரிட்டன்

ஐயா, எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. நான் ஜனவரி நடுவில் பிரிட்டனில் பணியில் சேர்ந்தேன். அங்கே வரியாண்டு ஏப்ரல் 6-இல் தொடங்கி மறு ஆண்டு ஏப்ரல் 5-இல் முடிகிறது. ஆண்டின் நடுவில் முழுநேர வேலைக்கு வந்து சேருகிறவருக்கு, நிபந்தனைகள் பொருந்தினால் ஆண்டைப் பிரித்துக் கணக்கிடும் வசதி உண்டு. ஆகவே நான் வருவதற்கு முன் வெளிநாட்டில் ஈட்டிய சம்பளத்தைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. மேலும், பிரித்த ஆண்டாக இருந்தாலும் 12,570 பவுண்டு என்ற வரியில்லா வரம்பு முழுமையாகவே கிடைக்கிறது. ஏப்ரல் 5 வரை நான் வாங்கிய சம்பளம் மொத்தமும் அந்த வரம்புக்குள் அடங்கியது என்பதால், நியாயமாக ஒரு பென்னி கூட வருமான வரி பிடித்திருக்கக் கூடாது.

ஆனால் முதல் சம்பளச் சீட்டில் முழுத் தொகைக்கும் 20 சதவீதம் பிடித்திருந்தார்கள். வரிக் குறியீடு இருக்க வேண்டிய இடத்தில் ‘பிஆர்’ என்று இரண்டே எழுத்துகள். வரியில்லா வரம்பைத் தராமல் முழுச் சம்பளத்துக்கும் அடிப்படை விகிதத்தில் வரி பிடிக்கச் சொல்லும் குறியீடு அது. பணியில் சேர்ந்த அன்று நிரப்பிய ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் படிவத்தில், பழைய நாட்டிலிருந்து இறுதிக் கணக்குப் பணம் இன்னும் வரவேண்டியிருந்ததால், எனக்கு வேறொரு வேலையும் இருப்பதாகப் பொருள்படும் மூன்றாவது கட்டத்தில் குறியிட்டிருந்தேன். தவறு என்னுடையதுதான். வரித்துறைக்குத் தொலைபேசியில் விளக்கம் சொன்ன பிறகு குறியீடு மாறியது, பிடித்த வரியும் திரும்ப வந்தது. தேசியக் காப்பீட்டுக்குப் பிடித்தது மட்டும் வரவில்லை. அது வேறு கணக்கு, அதற்கு இந்த வரம்பு பொருந்தாது. புதிதாகச் சேரும் பெண்களிடம் அந்தப் படிவத்தை வார்டுக்குப் போகும் அவசரத்தில் நிரப்பாதீர்கள் என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுமொழி: இயந்திர வடிவமைப்பாளர், ஜெர்மனிக்குக் குறுகிய காலப் பணி

183 நாள்களுக்குக் குறைவாகத் தங்கினால் அங்கே வரி இல்லை என்ற வாக்கியத்தை நம்பி ஐந்து மாதப் பணிக்குப் போனவன் நான். மனிதவளப் பிரிவிலிருந்து வந்த மின்னஞ்சலிலேயே அப்படித்தான் இருந்தது. அந்த வாக்கியம் பொய்யில்லை, மூன்றில் ஒரு பங்குதான் உண்மை.

ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடுகளும் வரி கேட்காமல் இருக்க நாடுகள் செய்துகொள்ளும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் மாதிரி ஒப்பந்தத்தைத் தழுவி எழுதப்படுபவை. அதன் 15-ஆம் பிரிவு, வேலை செய்த நாட்டில் சம்பளத்துக்கு வரி விலக்குப் பெற மூன்று நிபந்தனைகள் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்கிறது. 183 நாள்களுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. சம்பளம் தரும் முதலாளி அந்த நாட்டைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. அந்தச் சம்பளச் செலவை அந்த நாட்டில் அவருக்குள்ள நிலையான அலுவலகம் ஏற்றிருக்கவும் கூடாது. நாள் எண்ணிக்கையில் வந்து இறங்கிய நாள், கிளம்பிய நாள், சனி ஞாயிறு எல்லாமே சேரும். மாதிரி ஒப்பந்தம் எந்தப் பன்னிரண்டு மாத காலத்தை எடுத்தாலும் 183-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. பழைய ஒப்பந்தங்கள் சில வரியாண்டை வைத்தே எண்ணுகின்றன. ஆகவே இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள ஒப்பந்தத்தின் வாசகத்தையே எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

என் விஷயத்தில் நாள்கள் பிரச்சினையே இல்லை. என் சம்பளம் தாய் நிறுவனத்திலிருந்துதான் வந்தது. ஆனால் மாதா மாதம் ஜெர்மானியக் கிளை நிறுவனத்துக்கு அனுப்பிய விலைப்பட்டியலில், பயணச் செலவுக்கும் மென்பொருள் உரிமக் கட்டணத்துக்கும் நடுவில், என் சம்பளமும் ஒரு வரியாக இருந்தது. அந்தக் கிளை தனி நிறுவனமாகப் பதிவானது. அங்குள்ளவர்கள் சொல்லும் வேலையைச் செய்து, என் சம்பளத்தின் செலவும் அவர்கள் தலையில் விழுந்த பிறகு, நியமன ஆணையில் யார் கையெழுத்து இருந்தாலும் பொருளியல் நோக்கில் அவர்களே என் முதலாளி என்று ஜெர்மனி கருதுகிறது. ஆகவே முதல் நாளிலிருந்தே அங்கே வரி உண்டு என்றாகிவிட்டது. அதே மாதங்களுக்குத் தாய் நாட்டிலும் முழு வரி பிடித்திருந்தார்கள். கடைசியில் இங்கே கழித்துக்கொள்ள முடிந்தது என்றாலும், அங்கிருந்து வரி மதிப்பீட்டு ஆணை வரும் வரை ஏறக்குறைய ஓர் ஆண்டு இரண்டு பக்கமும் பணம் போய்க் கிடந்தது. அந்த விலைப்பட்டியல் போன்ற ஒன்று தங்கள் பெயரில் போகிறதா என்று பணியில் அனுப்பப்படுகிறவர்கள் கிளம்பும் முன் நிதிப் பிரிவைக் கேட்பது நல்லது. மனிதவளப் பிரிவுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சமூகப் பாதுகாப்புச் சந்தாவில் மட்டும் தப்பினேன். தாய் நாட்டிலேயே தொடர்ந்து செலுத்துவதற்கான காப்புச் சான்றை யாரோ புண்ணியவான் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்.

மறுமொழி: மேலாண்மை ஆலோசகர், அமெரிக்கப் பயணங்கள்

நாள் கணக்கில் அமெரிக்காவின் வழியே தனி. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, ஆண்டுக்கு 125 நாள்கள் வீதம் அங்கே வேலையாகப் போய் வந்தேன். எந்த ஆண்டிலும் 183-ஐ நெருங்கக்கூட இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். அவர்கள் நடப்பு ஆண்டின் நாள்களை முழுமையாகவும், முந்தைய ஆண்டின் நாள்களில் மூன்றில் ஒரு பங்கையும், அதற்கும் முந்தைய ஆண்டின் நாள்களில் ஆறில் ஒரு பங்கையும் கூட்டுகிறார்கள். 125, அதனுடன் ஏறத்தாழ 41.67, அதனுடன் 20.83. மொத்தம் 187.5. மூன்றாம் ஆண்டில் நான் அமெரிக்க வரிவாசி, என் உலக வருமானம் முழுவதையும் அங்கே காட்ட வேண்டும் என்ற நிலை.

நடப்பு ஆண்டில் 183 நாள்களுக்குக் குறைவாக இருந்து, வேலைத்தளமும் நெருங்கிய தொடர்புகளும் வேறொரு நாட்டில்தான் என்று காட்ட முடிந்தவர்களுக்கு விலக்கு உண்டு. அதற்கு 8840 என்ற படிவத்தை உரிய காலத்தில் தர வேண்டும். கெடு முடிய நான்கு நாள்கள் இருக்கும்போது, வேறு ஏதோ கேட்கப் போன இடத்தில் இது தெரிந்தது. இப்போதெல்லாம் 120-க்கு மேல் போவதில்லை. 120, 40, 20 சேர்த்தால் 180.

மறுமொழி: தரவு ஆய்வாளர், கனடாவிலிருந்து வெளியேறியவர்

நுழைவதைப் பற்றியே எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். வெளியேறுவதற்கும் வரி இருக்கிறது. கனடாவில் வரிவாசியாக இருந்தவர் அந்த நிலையை விட்டுப் போகும் நாளில், பங்குகள் போன்ற சில சொத்துகளை அன்றைய சந்தை மதிப்புக்கு விற்றதாகவே கருதி, விற்காத லாபத்துக்கு வரி கேட்கிறார்கள். அதேபோல, முதலில் வந்து சேர்ந்த நாளில் அன்றைய மதிப்புக்கு வாங்கியதாகவும் கருதுகிறார்கள் என்பதால், வருவதற்கு முன் ஏறிய மதிப்புக்கு வரியில்லை. வருகிறபோதே வைத்திருந்த சொத்துக்கு ஒரு சலுகையும் உண்டு: முந்தைய பத்தாண்டில் 60 மாதங்களுக்கு மேல் அங்கே வசிக்காதவருக்கு அவை இதில் சேரா. நான் ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டேன். வந்து இறங்கிய நாளில் என் பங்குகளின் விலை என்ன என்பதை அன்று குறித்து வைக்காததால், ஒவ்வொரு நிறுவனத்தின் பழைய விலைப் பட்டியலையும் தேடி ஒரு வார இறுதி முழுவதும் உட்கார்ந்தேன். அன்றே எழுதியிருந்தால் பத்து நிமிட வேலை.

தொடக்கப் பதிவிட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. இப்போது நான் திரும்பி வரும் கட்டத்தில் இருக்கிறேன். வேலைக்காகப் புறப்படும் ஆண்டுக்கும், வெளிநாட்டில் இருப்பவர் விடுமுறைக்கு வந்து போவதற்கும்தான் 182 நாள் சலுகை. இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் விடுமுறைக்கு வருபவருக்கு அதுவும் 120 ஆகச் சுருங்கும். வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாகத் திரும்புகிறவரின் கதை வேறு. முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள்கள் இந்தியாவில் இருந்தவர் என்றால், திரும்பும் ஆண்டில் 60 நாள்கள் இருந்தாலே அவர் ரெசிடென்ட். நான் போய் அதிக ஆண்டுகள் ஆகாததால் அந்த 365 எனக்கு எளிதில் வந்துவிடுகிறது.

ஒப்பந்தம் ஜனவரியில் முடிகிறது. பிப்ரவரி 10-இல் வந்தால் மார்ச் 31 வரை 50 நாள்கள்தான், பயமில்லை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நேற்று பாஸ்போர்ட்டைப் புரட்டியபோதுதான் மே மாதம் விடுமுறையில் வந்து இருந்த 14 நாள்கள் கண்ணில் பட்டன. இரண்டையும் கூட்டினால் 64. பிப்ரவரி 20-க்குச் சீட்டை மாற்றிவிட்டேன், அப்போது 54 வரும். பத்து நாள் தாமதம் ஏன் என்று வீட்டில் கேட்கிறார்கள்.