கிண்ணத்தை வைத்து நிமிர்வதற்குள் காலி: உங்கள் வீட்டு நாய் எப்படி?

எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு மூன்று வயது, 29 கிலோ. சாப்பாட்டை வைத்துவிட்டு நான் நிமிர்வதற்குள் கிண்ணம் கழுவி வைத்ததுபோல் ஆகிவிடும். ஒருநாள் கைபேசியில் நேரம் பார்த்தேன், 38 நொடி. பத்து நிமிடம் கழித்துச் சாப்பிட்டதெல்லாம் அப்படியே வெளியே வந்தது. ஒரு தீனி உருண்டைகூட உடைந்திருக்கவில்லை. சுத்தம் செய்ய நான் துணி எடுத்து வருவதற்குள் அதையும் தின்றுவிட்டான். (சாப்பிடும்போது இதைப் படிப்பவர்கள் மன்னிக்கவும்.)

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். "மெதுவா, மெதுவா" என்று பாதியில் கிண்ணத்தைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டே வாரம். பக்கத்தில் போனாலே உறும ஆரம்பித்தான், வேகமும் கூடிவிட்டது. டாக்டர் கேட்ட ஒரே கேள்வி: "நடுவில் பிடுங்குவீர்கள் என்று தெரிந்தால் நீங்கள் மட்டும் நிதானமாகச் சாப்பிடுவீர்களா?"

இன்னொன்றும் விளக்கினார். வயிறு குலுங்கி, ஓங்கரித்து வந்தால் அது வாந்தி. எந்தச் சிரமமும் இல்லாமல், செரிக்காத சாப்பாடு குழாயிலிருந்து வந்ததுபோல் நீளமாக வந்து விழுந்தால் அது எதுக்களிப்பு. எங்கள் வீட்டில் நடப்பது இரண்டாவது. அவசரமாக விழுங்குவதால் வருவதுதான் என்றாலும், அடிக்கடி வந்தால் உணவுக்குழாயைப் பரிசோதிக்க வேண்டுமாம். பிடுங்குவதை நிறுத்திவிட்டேன். வேறு என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

*

எங்கள் வீட்டில் இரண்டு பேர். பெரியவள் தெருவில் பிறந்து, ஆறு மாதத்தில் எங்களிடம் வந்தவள். சின்னவன் குட்டியிலிருந்தே இங்குதான். இரண்டு கிண்ணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன், பார்க்க அழகாக இருக்கும். அதுதான் வினை என்று புரிய ஒரு வருடம் ஆனது. அவள் தன் பங்கை லபக்கென்று முடித்துவிட்டு அவன் கிண்ணத்தில் வாய் வைப்பாள். அதற்குப் பயந்து அவனும் அரக்கப் பரக்க விழுங்குவான். ஒருவரைப் பார்த்து மற்றவருக்கு அவசரம்.

இப்போது தனித்தனி அறை, கதவு சாத்தல், 15 நிமிடம் கழித்துத் திறப்பு. சின்னவன் முதல் வாரத்திலேயே அடங்கிவிட்டான். அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. பசியோடு வளர்ந்தவளிடம் அதற்கு மேல் எப்படி எதிர்பார்ப்பது? இப்போதும் யாராவது அந்தப் பக்கம் நடந்தால் வேகம் ஏறும்.

*

உள்ளே மேடு பள்ளமாக, வளைந்து வளைந்து தடுப்பு வைத்த கிண்ணம் வாங்கினேன். முதல் நாள் நான்கு நிமிடம்! ஊரைக் கூட்டிச் சொன்னேன். மூன்றாம் நாள் காலால் ஓர் உதை, கிண்ணம் கவிழ்ந்தது, தரையில் கொட்டியதை அரை நிமிடத்தில் முடித்தாள். அடியில் ரப்பர் பிடிப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஈரத் தீனி போட்டால் இடுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும், தேய்த்துக் கழுவாவிட்டால் நாறும். பிளாஸ்டிக்கைக் கடிக்கிற நாய் என்றால் வேண்டவே வேண்டாம். அப்புறம், பக் மாதிரித் தட்டை முக நாய்களுக்குத் தடுப்பு உயரமாக இருக்கக் கூடாது. என் தங்கையின் பக் அதில் மூக்கை நுழைக்க முடியாமல், மூச்சு வாங்கி, அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டது.

*

கிண்ணத்தின் நடுவில் கல் வைக்கச் சொல்லி யாரோ சொன்னதைக் கேட்டு வைத்தேன். எங்கள் நாயின் கடைவாய்ப் பல் உடைந்ததுதான் மிச்சம். தயவுசெய்து கல் வைக்காதீர்கள், சின்னதாக இருந்தால் விழுங்கியும் விடும். வாய்க்குள் போகவே முடியாத அளவுக்குப் பெரிய ரப்பர் பந்து வைத்தால் அதே வேலை நடக்கும்.

காசு செலவழிக்காமல் செய்ததில் எனக்குப் பலித்தது மூன்று. கேக் செய்யும் குழித்தட்டில், குழிக்குக் கொஞ்சமாகப் பிரித்துப் போடுவது. பழைய துண்டில் தூவிச் சுருட்டிக் கொடுப்பது (துணியைத் தின்னும் நாய்க்குக் கூடாது). மருந்து அடிக்காத புல்தரையில் இறைத்துவிடுவது. கடைசியாகச் சொன்னதுதான் அவனுக்கு உயிர். இருபது நிமிடம் மோந்து மோந்து தேடுவான், முடித்ததும் ஏதோ பெரிய வேலை பார்த்ததுபோல் நீட்டிப் படுத்துவிடுவான்.

*

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, ஆனால் இது யாருக்காவது பயன்படும்.

எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அப்போது எட்டு வயது. நாளைக்கு ஒரே வேளை, பெரிய கிண்ணம், ஒரு நிமிடத்தில் முடிப்பான். சமர்த்து என்று பெருமைப்பட்டிருக்கிறோம். ஒருநாள் இரவு சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் நிலைகொள்ளாமல் அலைந்தான். ஓங்கரித்தான், ஒன்றும் வரவில்லை. எச்சில் மட்டும் கயிறு கயிறாக. வயிற்றைத் தட்டினால் மத்தளம் போல் சத்தம். அப்போதுதான் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. இரைப்பை காற்றால் உப்பி, தன்னைத்தானே முறுக்கிக்கொண்டிருந்தது. முறுக்கினால் இரத்த ஓட்டம் தடைபடும், சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். அன்றிரவே அறுவை சிகிச்சை. முறுக்கைப் பிரித்து, மறுபடி திரும்பாதபடி இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தார்கள். பிழைத்தான்.

கிரேட் டேன் போல மார்புக்கூடு ஆழமான பெரிய இனங்களுக்குத்தான் இது அதிகம் வரும். வயது, பரம்பரை, ஒரே வேளையில் நிறையச் சாப்பிடுவது, வேகமாகச் சாப்பிடுவது எல்லாம் சேர்ந்து ஆபத்தைக் கூட்டும் என்றார்கள். நாங்கள் நல்லது என்று நினைத்து உயர மேடையில் கிண்ணம் வைத்திருந்தோம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், உயர வைத்த கிண்ணத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு தெரிந்தது என்று பிறகு படித்தேன். மேடையை அன்றே தூக்கிப் போட்டேன். இப்போது மூன்று வேளை, தரையில், சாப்பிட்டதும் ஓட்டம் கிடையாது.

வெறும் ஓங்கரிப்பு, உப்பிய வயிறு, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

*

சின்னதாக ஒன்று. பத்து வருடம் நிதானமாகச் சாப்பிட்டவள் திடீரென்று காணாததைக் கண்டதுபோல் விழுங்க ஆரம்பித்தாள், தண்ணீரும் ஏகமாகக் குடித்தாள். கிண்ணத்தை மாற்றிப் பார்த்தே ஒரு மாதத்தை வீணாக்கினேன். இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நோய் என்று வந்தது. ஸ்டீராய்டு மாத்திரையும் பசியைக் கிளப்பும். குடல் புழு இருந்தாலும் சில நாய்கள் இப்படி ஆகுமாம். பழக்கம் திடீரென்று மாறினால் முதலில் டாக்டர், அப்புறம் கிண்ணம்.

*

முதலில் எழுதியவன்தான். ஜெர்மன் ஷெப்பர்டு கதையைப் படித்த அன்றைக்கே ஒரு வேளையை மூன்றாகப் பிரித்தேன். மொத்த அளவு அதேதான், கூட்டவில்லை. காலையில் புல்தரை, மதியம் குழித்தட்டு. இரவில் மட்டும் கிண்ணம், அதுவும் நான் தள்ளி உட்கார்ந்து, அவ்வப்போது ஒரு இறைச்சித் துண்டை எட்டிப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். எடுக்க வருகிறவன் இல்லை, போட வருகிறவன் என்று அவனுக்குப் புரிய மூன்று வாரம் ஆனது. உறுமல் நின்றுவிட்டது. எதுக்களிப்பு இந்த மாதம் ஒரே முறை. குழித்தட்டில் ஆறு நிமிடம், கிண்ணத்தில் இன்னும் ஒன்றரை நிமிடம்தான். நேற்று பாதிச் சாப்பாட்டில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், துண்டு இன்னும் வரவில்லையே என்று.