லிதுவேனியால இருக்குற வில்னியஸ் விடியல் வாசல் போனவங்க இருக்கீங்களா?

பிறைக்காரி:
போன அக்டோபர்ல போனது, இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு. கைடு "பழைய மதில்ல இருந்த வாசல்கள்ல மிச்சம் இது ஒண்ணுதான், 1503ல ஆரம்பிச்சு 1522ல முடிச்சாங்க, பத்து நிமிஷம் டைம்"னு சொல்லிட்டு நடந்துட்டாரு. நான் ஃபோன தூக்கிப் பிடிச்சு வாசலுக்கு மேல இருக்குற சின்னக் கோயில் ஜன்னல்ல தெரியுற மாதாவ படம் எடுக்க பின்னாடி பின்னாடி போறேன், கால்ல ஏதோ இடிச்சுச்சு, திரும்பினா ஒரு பாட்டி, மழை ஈரம் காயாத கல்லு ரோட்டுல முட்டி போட்டிருக்காங்க. நான் இடிச்சதுல ஜெபமாலை கீழ விழுந்துருச்சு. எடுத்துக் கொடுத்தேன். என் கைய ஒரு தரம் அழுத்திட்டு மறுபடி மேல பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு ஒரு வார்த்தை வரல. மேல ஏறவும் இல்ல, பஸ்ஸு கிளம்பிருச்சு.

செந்தூல் தம்பி:
நான் ஏறினேன்க்கா. சுவரு பூரா வெள்ளி, இதயம், கை, காலுன்னு எட்டாயிரம் காணிக்கையாம். நம்ம மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு வெள்ளியில கண்மலர் சாத்துவாங்கல்ல, அதேதான். சின்ன வயசுல எனக்காக அம்மா சாத்தினாங்க. அங்க நகர முடியாம நின்னுட்டேன்.

புக்கிட் மெர்த்தாஜாம் அக்கா:
அதேதான்னு சொல்லாதீங்க தம்பி. மாதாகிட்ட நாங்க பரிந்து பேசத்தான் கேக்குறோம், அது வேற. நான் 2018ல போனேன், செப்டம்பர்ல போப் பிரான்சிஸ் வந்துட்டுப் போயிருந்தாரு, நவம்பர் திருவிழாக் கூட்டத்துல ரோட்டுல நின்னுதான் பூசை கண்டேன். இனிமே போறவங்க டூர் பஸ்ஸ நம்பாதீங்க லா, தனியா போங்க, நம்ம மலேசியா பாஸ்போர்ட்டுக்கு 90 நாளு வரைக்கும் விசா வேணாம். காலையில சீக்கிரமே போயிருங்க, படிக்கட்டு பக்கத்துல தெரேசா கோயில் பக்கமா இருக்கு, சில பேரு முட்டி போட்டே ஏறுவாங்க, அவங்கள முந்தாதீங்க. நவம்பர்னா கையுறை, தடிச்ச சாக்ஸ் கட்டாயம். இயேசுவோட இறை இரக்கப் படத்த 1935ல முதல்முதலா ஜனங்க பார்க்க வச்சதும் இந்த வாசல்லதான், அதனால ரெண்டு நாளாவது தங்குங்க.

செந்தூல் தம்பி:
வேண்டுதல் வேற வேறயா இருக்கலாம்க்கா, ஆனா வெள்ளிய வாங்கிட்டு வர்ற அம்மாவோட பயம் ஒண்ணுதானே?

பிறைக்காரி:
அடுத்த வருஷம் திரும்பப் போறேன். அவங்க பாஷையில மன்னிச்சிருங்கன்னு எப்படிச் சொல்றது?

புக்கிட் மெர்த்தாஜாம் அக்கா:
அத்சிப்ரஷாவ். "ஷா"வ அழுத்திச் சொல்லுங்கம்மா.